முற்றத்து மல்லிகை: கனடிய இசைவாணரின் புகழும் மதிப்பும்

புகழ் வேறு, மதிப்பு வேறு. ஒருவனது பெயரைப் பலர் அறிந்திருத்தல் புகழ். அவன் செய்த தொழிலின் தரத்தை அறிவுடையோர் ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளுதல் மதிப்பு. முன்னையது பரப்பைப் பற்றியது. பின்னையது ஆழத்தைப் பற்றியது. இவ்விரண்டும் ஒருவனிடத்தே ஒருங்கு அமைதலும் உண்டு. ஒன்றிருக்க மற்றது இல்லாதொழிதலும் உண்டு. ஒரு நாட்டுக் கலைஞனுக்குப் புகழ் பிற நாட்டாரிடமிருந்து வந்து சேரலாம். மதிப்பையும் அவ்வாறே இரவலாகப் பெறுதல் இயலுமோ? இவ்வினாவைத் தன் இசைவாணர் வாயிலாக நெடுங்காலம் எதிர்கொண்ட நாடு கனடா.

முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பது நம்மவர் பழமொழி. கனடாவின் இசை வரலாற்றை மேலோட்டமாக நோக்குவார்க்கு அஃது அந்நாட்டுக்கென்றே எழுந்தது போலத் தோன்றும். தெற்கே, எட்டு மடங்குக்கு மேற்பட்ட குடிசனத்தொகை கொண்ட ஐக்கிய அமெரிக்கா கிடக்கின்றது. எல்லையின் இரு புறத்தும் பெரும்பாலார் பேசுவது ஆங்கிலமே. ஆதலின், இசைத்தட்டுக் கம்பனிகளும் பேரரங்குகளும் மிக்கிருந்த திசையை நோக்கிக் கலைஞர் பலர் சென்றனர். அல்பேட்டா மாகாணத்திற் பிறந்து சஸ்கற்றூன் நகரில் வளர்ந்த ஜோனி மிச்செல் 1965இலும், ரொறன்ரோவிற் பிறந்த நீல் யங் 1966இலும் எல்லையைக் கடந்தனர்.

அண்டை நாட்டின் பருமையே இதற்கு முழுக் காரணம் என அமைதல் சாலாது. கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு மொழிப் பாடகர் பெலிக்ஸ் லெக்லேர் 1950இற் பாரிசுக்குச் சென்றார். ஆங்கு அவர் பெற்ற வெற்றியின் பின்னரே தாயகம் அவரைப் பெரும் பாடகராகக் கொண்டாடியது. 1979 முதல் கியூபெக்கின் இசைப் பரிசு அவர் பெயராலேயே ‘பெலிக்ஸ்’ என வழங்கலாயிற்று. ஆங்கிலம் பேசுவோர் நியூயோர்க்கையும், பிரெஞ்சு பேசுவோர் பாரிசையும் தீர்ப்புக்காக நோக்கியிருந்தனர் எனின், குறை சந்தையின் சிறுமையில் மட்டுமன்று. தன் செவியைத் தானே நம்பாத மனத்திலும் உளது என்க.

மொன்றியலிற் பிறந்த கவிஞரும் பாடகருமாகிய லெனாட் கோஹென் இயற்றிய ‘அல்லேலூயா’ என்னும் பாட்டின் வரலாறும் இத்தகையதே. 1984இல் அப்பாட்டு இடம்பெற்ற இசைத்தட்டை ஐக்கிய அமெரிக்காவில் வெளியிட அவரது கம்பனியாகிய கொலம்பியா மறுத்தது. 1991இல் வேல்ஸ் நாட்டவராகிய ஜோன் கேலும், 1994இல் அமெரிக்கராகிய ஜெவ் பக்லியும் அதனைத் தத்தம் குரலிற் பதிவு செய்தனர். அவற்றின் வழியே அது பரவியது. 2010இல் வன்கூவர் நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவிற் கனடியப் பாடகி கே. டி. லாங் அதனைப் பாடினார். ஒரு கனடியரின் பாட்டு அந்நாட்டுப் பெருவிழாவில் ஒலிப்பதற்கு இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. இடையே அயலார் குரல்களும் வேண்டியிருந்தன.

ஆயினும் பழமொழியை ஒருதலையாகத் துணிதல் தவறு. மொன்றியலில் 1925இற் பிறந்த ஒஸ்கார் பீற்றர்சன் என்னும் ஜாஸ் பியானோக் கலைஞரை நியூயோர்க்கின் கானகி மண்டபம் கேட்டது 1949இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அவர் பதினான்கு வயதினராயிருந்தபோது, கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய போட்டியில் முதன்மை பெற்றிருந்தார். ரொறன்ரோவில் 1932இற் பிறந்த கிளென் கூல்ட் என்னும் பியானோ மேதையை அதே கூட்டுத்தாபனம் 1950இல் வானொலியில் வாசிக்கச் செய்தது. 1955 ஜனவரியில் அவர் நியூயோர்க்கில் வாசித்த மறுநாளே கொலம்பியா கம்பனி அவரை ஒப்பந்தம் செய்ய முன்வந்தது என்பது பலரும் கூறும் கதை. வீட்டார் முன்னரே கேட்டிருந்தனர் என்பது பலரும் கூறாத கதை.

கூல்டின் வரலாறு புகழுக்கும் மதிப்புக்குமுள்ள வேற்றுமையை நன்கு புலப்படுத்துவது. 1955 ஜூனிற் பதிவு செய்யப்பெற்று 1956இல் வெளிவந்த பாக்கின் ‘கோல்ட்பேர்க் வேறுபாடுகள்’ அவருக்கு உலகப் புகழை ஈட்டியது. உடனே பத்திரிகைகள் அவரது தாழ்ந்த நாற்காலியைப் பற்றியும், கோடையிலும் அணிந்த கம்பளி உடையைப் பற்றியும், வாசிக்கும்போது வாய்க்குள் முனகும் வழக்கத்தைப் பற்றியும் எழுதின. புகழ் பேசியது நாற்காலியை. மதிப்புப் பேசவேண்டியது இசையை. 1964இல், முப்பத்தொரு வயதில், அவர் பொதுமேடையை முற்றாகத் துறந்தார். கைதட்டலின்றித் தனித்திருந்து கேட்கும் செவியே அவர் வேண்டியது. மேடையைத் துறந்தவர் நாட்டைத் துறந்திலர். ரொறன்ரோவிலேயே வாழ்ந்து, 1967இற் கனடாவின் வடபுலத்தைப் பற்றிய ‘வடக்கு என்னும் கருத்து’ என்ற வானொலிச் சித்திரத்தைத் தம் நாட்டு ஒலிபரப்புக்கென ஆக்கினார். அதில் மாந்தர் பேச்சொலிகளை இசையின் இழைகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னினார்.

1981இல் அவர் கோல்ட்பேர்க்கை மீண்டும் பதிவு செய்தார். முன்னைய பதிவு ஏறத்தாழ 38 நிமிடம். பின்னையது ஏறத்தாழ 51 நிமிடம். முன்னதில் விரல்களின் வேகமும் இளமையின் துள்ளலும் வியப்பூட்டுகின்றன. பின்னதில், தொடக்கப் பண் மிக மெல்ல அடியெடுத்து வைக்கின்றது. முப்பது வேறுபாடுகளும் ஒரே நாடித்துடிப்பினால் இணைக்கப்பட்டு ஒரு முழுமையாகின்றன. புகழ் முதற் பதிவோடு அமைந்துவிடக்கூடும். இரண்டையும் அருகருகே வைத்து, ஒரு கலைஞன் தன்னையே திருத்திக்கொண்டமையை உணர்வது மதிப்பீட்டின் தொழில். 1982இல் அவர் காலமானார்.

தன் கலைஞர் குரல் தன் வானொலியிலேயே கேளாதொழியும் என அஞ்சிய கனடா, 1971இற் சட்டத்தின் துணையை நாடியது. வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் 30 சதவீதம் கனடிய இசையாதல் வேண்டும் என வானொலி தொலைக்காட்சி ஆணைக்குழு விதித்தது. இசை, கலைஞர், நிகழ்த்திய இடம், சொல் என்னும் நான்கினுள் இரண்டேனும் கனடாவுக்குரியனவாயின் அது கனடிய இசை என்பது அன்றைய கணக்கு. இவ்விதியினால் விளைந்த நன்மை பெரிது; கேட்கப்படாதிருந்தோர் கேட்கப்பட்டனர். ஆனால் கணக்கு கலையை அளக்கப் புகுந்தவிடத்து நகைப்பும் விளைந்தது. 1991இற் பிறையன் அடம்ஸ் என்னும் பெரும்புகழ் பெற்ற கனடியர், பிறநாட்டவர் ஒருவரோடு கூடி இயற்றி அயல்நாட்டிற் பதிவு செய்த பாடல்கள் கனடிய இசையல்ல என ஒதுக்கப்பட்டன. பின்னர் விதி திருத்தப்பட்டது.

பரிசின் வரலாறும் இதனையொத்தது. ஆணைக்குழுவின் தலைவராயிருந்த பியேர் ஜுனோவின் பெயரை நினைவூட்டும் ஜுனோ விருதுகளுள் ஆறினைப் பெற்றிருந்த ஸ்ரொம்பின் ரொம் கொனர்ஸ், 1978இல் அவை அனைத்தையும் திருப்பியனுப்பினார். சிற்றூர்களையும் சுரங்கத் தொழிலாளரையும் உருளைக்கிழங்கு ஏற்றும் வண்டிக்காரரையும் பாடியவர் அவர். நாட்டைவிட்டுச் சென்று பிழைப்போர்க்கு நாட்டின் விருது எதற்கு என்பது அவர் முறையீடு. முறையீட்டில் நியாயமுண்டு: அயலார் முன்னரே முடிசூட்டியவர்க்கு மீண்டும் முடிசூட்டுதல் எளிது, அதற்குச் செவி வேண்டியதில்லை. ஆயினும் வசிக்கும் இடத்தைத் தரத்தின் அளவுகோலாக்குதல் பொருந்தாது. ஜோனி மிச்செலின் ‘புளூ’ 1971இல் அமெரிக்காவில் உருவான இசைத்தட்டு. கனடாவின் குளிரும் உறைந்த ஆறும் அதனுள்ளே நிற்கின்றன. ஆள் கடந்த எல்லையை நினைவு கடக்கவில்லை.

ஆகவே, சட்டம் ஒரு கலைஞனைக் கேட்கச் செய்யலாம். விருது அவனைக் கௌரவிக்கலாம். தரம் காணுதல் அவ்விரண்டாலும் ஆவதன்று. அது பயின்ற செவியுடைய விமரிசகர்க்கும் இரசிகர்க்கும் உரிய கடமை. 2006இற் கனடாவில் தொடங்கிய பொலாரிஸ் பரிசு இவ்வகையிற் கருதத்தக்கது. விற்பனையையும் இசையின் வகையையும் நோக்காது, இசை விமரிசகர் கூடித் தரமொன்றையே கருதி வழங்குவது அது. 2018இல் அப்பரிசைப் பெற்றவர் ஜெரமி டச்சர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெழுகு உருளைகளிற் பதிவாகி அருங்காட்சியகத்திற் கிடந்த தம் முன்னோர் பாடல்களைக் கேட்டு, அவற்றைத் தம் குரலோடும் பியானோவோடும் இணைத்து உயிர்ப்பித்தவர் அவர். பாடிய மொழி, மிகச் சிலரே பேசும் வொலாஸ்தகே என்னும் பழங்குடி மொழி. 2024இல் மீண்டும் அப்பரிசு அவரை அடைந்தது. அம்மொழிக்கு நியூயோர்க்கிற் சந்தையில்லை, பாரிசிலும் இல்லை. அயலார் தீர்ப்புக்குக் காத்திருந்திருப்பின் அவ்விசை மெழுகிலேயே உறங்கியிருக்கும்.

மல்லிகை முற்றத்தில் நிற்பதனால் மணம் குன்றுவதில்லை; வழிப்போக்கர் புகழ்வதனால் மணம் மிகுவதுமில்லை. குறை பூவினதன்று, நுகர்வோரது. தன் கலைஞன் பாடும்போதே அவன் தரத்தைத் தன் செவியால் அறிந்து சொல்லும் நாடே கலையுடைய நாடு எனத்தகும்.