சிரமதானமும் ஏழு நாள் முகாமும்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் மதுரை, தேனி வழியாகச் சபரிமலைக்குப் போகும் கூட்டத்தில் இலங்கைப் பக்தர்களும் உண்டு. வழியில் கல்லூரி மாணவர்கள் குடிநீர்ப் பந்தல் போட்டு நிற்பதைப் பார்த்த ஒருவர் சொல்லிவிட்டுப் போன பேச்சு, போடிப் பக்கத்தில் பலருக்கு இன்னும் ஆறவில்லை. "உங்கட பிள்ளையள் சேர்ட்டிபிக்கட்டுக்காகத்தானே செய்யினம்? எங்கட ஊரில சிரமதானம் எண்டால் ஆரும் பேர் எழுதிறேல்லை."

சிரமதானம் என்பது உழைப்பைத் தானமாகத் தருவது. இங்கே பேர் எழுதுவது உண்மைதான். வருகைப் பதிவேடு உண்டு, மணிக்கணக்கு உண்டு, முடிவில் சான்றிதழும் உண்டு. ஆனால் பேர் எழுதியதால் வேலை கெட்டுவிட்டதா என்பதைப் போடிமெட்டைச் சுற்றி நடந்தவற்றை வைத்துப் பார்க்க வேண்டும்.

போடியிலிருந்து முந்தல் வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. தமிழ்நாட்டின் சோதனைச்சாவடி ஒன்று, கேரளத்தின் சோதனைச்சாவடி ஒன்று. விடிவதற்குள் ஜீப்புகள் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. மாலையில் அதே ஜீப்புகள் அவர்களை இறக்கிவிடுகின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் போடியில் படிக்கிறார்கள். சிலர் இடுக்கி மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஏலக்காய்ப் பணத்தில் எழுந்த கல்லூரி போடியில் இருக்கிறது. அதன் பெயரே ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி. அது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மேட்டுக்கு அந்தப்புறம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். இரண்டு பக்கத்திலும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சட்டையில் குத்திய வட்ட வில்லை ஒன்றுதான்: கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம், அதில் எட்டு ஆரங்கள். நாளின் இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் அடையாளம் அது.

நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில். அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி வைத்தார். இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். ஊர்க்காரர்கள் இதை "என்.எஸ்.எஸ். கேம்ப்" என்பார்கள். பள்ளிக்கூடத் திண்ணையிலோ சமுதாயக் கூடத்திலோ படுக்கை. காலையில் மம்பட்டியும் தட்டும் எடுத்து ஊருணி, வாய்க்கால், பள்ளி வளாகம் என்று இறங்குவார்கள். சாயங்காலம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. மதுரைக்குத் தெற்கே சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிய கைகளில் மாணவர் கைகள் ஏராளம்.

இலங்கையின் கதை இதற்கு முந்தியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1958 டிசம்பரில், கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்துக் கனத்தொளுவ கிராமத்துக்குப் போனார். சிங்களச் சமூகத்தில் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட ரொடியா மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு மண் வெட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம். ஆரியரத்ன 1969இல் மகசேசே விருது பெற்றார். 1996இல் இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. 2024 ஏப்ரலில் மறைந்தார். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையிலிருந்து நாடளாவிய இயக்கம் புறப்பட்டது பெரிய செயல்.

என்றாலும் 'சர்வோதயம்' காந்தியின் சொல். 1951இல் போச்சம்பள்ளியில் பூதானத்தைத் தொடங்கிய வினோபா பாவேயைத் தேடி இந்தியாவுக்கு வந்து கற்றுப் போனவர் ஆரியரத்ன. சிரமதானம் என்ற சொல்லும் கடல் கடந்த நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மேட்டுக்கு அந்தப்புறம் மலையாளப் பிள்ளைகள் என்.எஸ்.எஸ். முகாமில் மண் வெட்டுவதையும் 'சிரமதானம்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் அது 'களப்பணி' ஆகிவிட்டது. இங்கே 'திட்ட அலுவலர்', இலங்கையில் 'பொறுப்பாசிரியர்'. இங்கே நிவாரணப் பொருள்; அங்கே உலர் உணவுப் பொதி. கேரளத்துப் பிள்ளைகள் அரசு மருத்துவமனை வாசலில் கொடுக்கும் பொதிச்சோறு, யாழ்ப்பாணத்தில் சோற்றுப் பார்சல். சொல் மாறினாலும் பசித்தவர் கையில் சேர்வது வீட்டில் கட்டிய சோறுதான்.

இலங்கையில் நேரில் பார்த்தவர்கள் சொல்வது இது: தவணை தொடங்குமுன் பெற்றோரும் மாணவரும் பழைய மாணவரும் ஒன்றாகக் கூடிப் பாடசாலையைத் துப்புரவாக்குவார்கள், டெங்கு பரவும் காலத்தில் கிணற்றடி முதல் கூரைப் பீலிவரை பார்ப்பார்கள், பௌத்தர்களின் வெசாக் நாளில் இளைஞர்கள் தன்சல் என்னும் அன்னதானப் பந்தல் போட்டு வருவோர் போவோருக்கெல்லாம் சோறு கொடுப்பார்கள். எல்லாம் நல்ல வழக்கங்களே. அறிவிப்பு ஒலித்ததும் ஊர் கூடுகிறது என்பதில் ஓர் அழகு இருக்கிறது.

ஆனால் ஊர் கூடும் வேலை ஒரு நாளில் முடியும் வேலை. நூறு நாள் தொடர வேண்டிய வேலைக்குப் பட்டியல் வேண்டும், பொறுப்பு வேண்டும், யார் வந்தார் யார் வரவில்லை என்ற கணக்கு வேண்டும். இதற்குச் சான்று போடிமெட்டுக்கு மேற்கே கோட்டயத்தில் இருக்கிறது. 1989இல் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கோட்டயம் நகரத்தில் வீடு வீடாக ஏறி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் பெயர் பெயராகக் குறித்தார்கள். பிறகு ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கற்பித்தார்கள். நூறு நாள் திட்டம். அந்த ஆண்டு ஜூன் 25 அன்று, இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு நகரம் என்று கோட்டயம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எர்ணாகுளம் மாவட்டமும், 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழுவதும் அந்த நிலையை எட்டின. ஒரு மாநிலத்தின் எழுத்தறிவு வரலாற்றில் முதல் படியைப் போட்டவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். பேர் எழுதாமல் இதைச் செய்திருக்க முடியாது.

மதிப்பெண் விஷயத்துக்கு வருவோம். கேரளத்தில் மேல்நிலைப் பள்ளி நலப்பணி மாணவர்களுக்குக் கருணை மதிப்பெண் உண்டு. அதற்காகச் சேர்பவர்களும் உண்டு. ஆனால் தோட்டத்துப் பெண்ணின் மகள் சனி, ஞாயிறுகளில் ஏலக்காய் எடுக்கப் போனால் வீட்டுக்குக் கூலி வரும். அந்த நாளை அவள் ஊர்ப்பணிக்குக் கொடுக்கும்போது, படிப்பில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கட்டும் என்று அரசு நினைப்பதில் என்ன குற்றம்? மதிப்பெண் இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தொண்டுக்கு வரும் நிலை வரும். இலங்கையிலும் ஜனாதிபதி சாரணர் விருதுக்கு உழைக்கும் மாணவர்கள் தம் சேவையைப் பதிந்தே வைக்கிறார்கள். 2025 ஜனவரி முதல் நாள் அங்கே அரசே 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தைத் தொடங்கியது. அரசு முன்னின்றால் தொண்டு தாழ்ந்துவிடும் என்றால், அது இரு நாட்டுக்கும் பொருந்த வேண்டும்.

பதிவேட்டில் ஏறாத பணியும் இந்த மலையில் உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறிகள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அன்று இருட்டில் முதலில் ஏறிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்கள் உள்ளூர் இளைஞர்களும் தோட்டத் தொழிலாளர்களும். அதே ஆண்டு ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணையின் மதகுகள் திறக்கப்பட்டு, கேரளம் வெள்ளத்தில் தவித்தபோது, தமிழ்நாட்டுக் கல்லூரிகள் அரிசியும் போர்வையும் திரட்டி அனுப்பின. கேரளத்து ஐ.டி.ஐ. மாணவர்கள் சேறு புகுந்த வீடுகளில் மின் இணைப்புகளைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். இத்தனைக்கும், ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான், 2011 டிசம்பரில், முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் இந்த எல்லைச் சாலைகள் அடைபட்டு, தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களை விட்டுப் போடிக்கு இறங்கி வந்திருந்தார்கள். அந்தக் கசப்பு தெரிந்த ஊர்களிலிருந்துதான் 2018இல் உதவி மேலே ஏறியது.

துயரத்தில் இலங்கை மலையும் இடுக்கி மலையும் ஒன்று. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் அதே போன்ற லயங்கள் புதைந்து, 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள். மீரியபெத்தைக்கு இலங்கையின் வடக்கு, கிழக்கிலிருந்தும் உதவி போனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர் கேரளத்தின் கவி ஏலத்தோட்டங்களிலும் புனலூர் ரப்பர் தோட்டங்களிலும் குடியேற்றப்பட்டார்கள். இந்த மலைத் தமிழர்களைப் பார்த்து 'உங்கட', 'எங்கட' என்று பிரித்துப் பேசுவதில்தான் மனம் வலிக்கிறது.

இலங்கைப் பக்கத்திலிருந்து இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. 1924இல் யாழ்ப்பாணத்தில் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், சாதி பாராமல் சேர்ந்திருந்து உண்பதைத் தன் கொள்கையாக வைத்தது. 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அவர்கள் அழைத்துத்தான். கனத்தொளுவ முகாமின் உயிரும் ஒன்றாக உண்பதில்தான் இருந்தது. சர்வோதய முகாம்களில் ஊராரும் வந்தவர்களும் நாள்தோறும் ஒரு குடும்பமாகக் கூடி உட்கார்ந்து பேசும் வழக்கம் இருக்கிறது. இங்கே முகாம்களில் தொடக்க விழாவும் நிறைவு விழாவும் சிறப்பாக நடக்கின்றன. விருந்தினருக்குச் சால்வை, பின்னால் பேனர், புகைப்படம். ஊர்ப் பெண்கள் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்து பேசும் வேளை குறைவு. சாயங்காலக் கணக்கெடுப்பை அப்படியொரு கூடலாக மாற்றினால் முகாம் இன்னும் பலப்படும்.

இன்னொரு குறை எல்லையால் வருவது. போடிக் கல்லூரியின் முகாம் தேனி மாவட்டத்து ஊரில் நடக்கிறது. தேவிகுளம், உடும்பன்சோலைப் பள்ளிகளின் முகாம் இடுக்கிக்குள் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஜீப்பில் ஏறி இறங்கும் பெண்களின் தோட்டக் குடியிருப்புகள் யார் கணக்கிலும் சரியாக வருவதில்லை. கேரளத்துப் பள்ளி முகாம்கள் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடக்கின்றன. தமிழ்நாட்டிலும் அரையாண்டு விடுமுறை அதே நாட்களில்தான். இரு மாநிலத்துத் திட்ட அலுவலர்களும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டால், பூப்பாறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தமிழும் மலையாளமும் பேசும் பிள்ளைகள் ஏழு நாள் சேர்ந்து தங்கி, எந்த லயத்துக்குக் குடிநீர் வரவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று ஒரே பதிவேட்டில் எழுதலாம்.