ரோட்ஸ் மாளிகையும் விடுபட்ட ஏடுகளும்

கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவை அரபு வரலாற்றாசிரியர்கள் ‘ரூதிஸ்’ என்பர். அதன் கோட்டை நகருக்குச் செல்வோர் முதலில் நாடுவது பெருந்தலைவர் மாளிகையை. புனித யோவான் சபையின் சிலுவை வீரர்கள் எழுப்பிய அம்மாளிகை 1856இல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. இன்று நாம் காண்பது பெரும்பாலும் இத்தாலியர் 1937 முதல் 1940 வரை எழுப்பியதாகும். வண்ணக்கல் பதித்த சித்திரத் தளங்களும் கோஸ் தீவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்தவையே!

கீழ்த்தளத்தில் நிலையான காட்சிகள் இரண்டு. ஒன்று, கி.மு. 408இல் தோன்றிய பண்டை நகரைப் பற்றியது. மற்றது கி.பி. நான்காம் நூற்றாண்டில் தொடங்கி 1522இல் நின்றுவிடுகிறது. சுல்தான் சுலைமான் நகரை முற்றுகையிட்டு, சரணடைந்த வீரர்கள் படைக்கலங்களோடு கப்பலேற இசைவளித்த ஆண்டு அது. அதன்பின் 1912 வரை நீண்ட உதுமானியர் காலமான முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் எங்கே? இத்தாலியர் சுவருக்குள் இடமுண்டு. இத்தனை தலைமுறைகளின் வாழ்வுக்கு இடமில்லை என்பது என்ன வரலாற்று நெறி?

வீரர்களின் பழைய மருத்துவமனையில் அமைந்துள்ள தொல்பொருட்காட்சிசாலையைக் குறைகூற மனம் வரவில்லை. அங்கே கட்டடமும் பொருளும் இசைந்து நிற்கின்றன.

விடுபட்ட ஏடுகளைத் தேடும் அன்பர்கள் சாக்ரடீஸ் தெருவின் மேல்முனைக்கு நடக்க வேண்டும். சுலைமானிய்யாப் பள்ளிவாசலின் எதிரே, ஹாபிழ் அஹ்மது ஆகா 1793இல் நிறுவிய குதுப்கானா இருக்கிறது. அரபு, பார்சி, துருக்கிக் கையெழுத்துப் பிரதிகள் அங்கே பேணப்பட்டு வருகின்றன. மாளிகையிலிருந்து சில நிமிட நடைதான். காட்சியின் இறுதி அறையில் ஒரு வரி எழுதிப் பார்வையாளரை அங்கே அனுப்பினாலே பாதிக் குறை நீங்கும்.