வந்தியத்தேவன் ஆற்றை ஆள்?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்தது. மணிரத்னத்தின் இரண்டு படங்களும் (2022, 2023) வந்தபின், இங்கே டொரொன்டோவில் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் வந்தியத்தேவனை அறிவார்கள். அவர்களுக்கு அவன் ஒரு குதிரை, ஒரு வாள், ஓயாத வாய். முன்னோர் ஆண்ட நிலத்தை இழந்த வாணர் குலத்து வாலிபன். பிறந்த வீட்டின் பலத்தால் அல்ல, தன் கெட்டித்தனத்தால் முன்னேறுகிறவன். "நீர் ஆற்றை மகன், எந்த ஊர்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் பதில் சொல்லிச் சலித்த தலைமுறைக்கு அவனைப் பிடிக்காமல் இருக்குமா?

கல்லில் இருக்கும் ஆள் வேறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டொன்று, இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டு வரை குந்தவை எடுப்பித்த படிமங்களைச் சொல்கிறது. அதில் அவர் அரசரின் தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார். வந்தியத்தேவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த உறவுமுறைதான். ஆற்றை மகன் என்பதல்ல, ஆற்றை புருசன் என்பதே பதிவாகியிருக்கிறது. குந்தவை தன் தகப்பனுக்கும் தாய்க்கும் படிமம் எடுத்திருக்கிறார். கணவருக்கு அங்கே இல்லை. (அவர் அப்போது உயிரோடு இருந்திருக்கலாம். இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.)

சோழருக்குக் கல்யாணம் என்றால் அரசியல். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் வீட்டில் பெண் எடுத்ததை அன்பில் செப்பேடுகள் சொல்கின்றன. சுந்தர சோழனின் தேவி வானவன்மாதேவி மலையமான் குலத்தவள். இராசராசன் தன் மகளை, அவள் பெயரும் குந்தவைதான், வேங்கிச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்களுடைய மகன் இராசராச நரேந்திரன் மணந்ததும் சோழப் பெண்ணையே, இராசேந்திரனின் மகள் அம்மங்கையை. அந்த வயிற்றில் பிறந்தவன்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன்.

கல்கிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். சின்னப் பழுவேட்டரையர் மகளை மதுராந்தகனுக்குக் கட்டிவைத்து, அந்த உறவிலிருந்து சதியை வளர்க்கிறவர் அவர். ஆனால் அவருடைய நாவலில் சம்பந்தக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சதிகாரர் பக்கம் இருக்கிறார்கள். நாயகனுக்கும் குந்தவைக்கும் இடையில் மட்டும் காதல். சோழநாட்டை விட்டுப் போகமாட்டேன் என்ற குந்தவையின் பிடிவாதத்தை நாட்டுப்பற்றாகவே எழுதுகிறார். நிலமில்லாத, வீட்டோடு இருக்கக்கூடிய ஒரு மாப்பிள்ளை அந்த அரண்மனைக்கு எவ்வளவு வசதி என்பதை வாசகர்தான் யோசிக்கவேண்டும்.

இந்த மறைப்பு ஒரு இடத்தில் கிழிகிறது. கடம்பூர்க் கந்தமாறன் தன் தங்கை மணிமேகலையை நண்பன் வந்தியத்தேவனுக்கு என்று பேசியிருந்தவன். பெரிய இடத்துச் சம்பந்தம் வந்ததும் அவளை மறந்துவிடு என்கிறான். வந்தியத்தேவன் அதைச் சிரித்துக் கடந்துவிடுகிறான். அவளால் முடியவில்லை. ஐந்து பாகங்கள் ஓடியபின் கடைசி அத்தியாயத்தில் கல்கி நமக்குக் காட்டுவது குந்தவையின் கல்யாணத்தை அல்ல, மணிமேகலையின் சாவை. நாவல் முழுவதிலும் கல்கி ஆகத் துணிந்து எழுதிய பக்கங்கள் இவை என்பேன். நாயகனைத் தொடாத சம்பந்தக் கணக்குக்கு விலை கொடுத்தவள் யார் என்பதை அவர் மறைக்கவில்லை.

படங்களில் மணிமேகலை இல்லை. நம் பிள்ளைகள் அறிந்த வந்தியத்தேவனுக்கு அதனால் மனச்சுமை எதுவும் கிடையாது.