திரைக்கு மேலே தெரியும் கிரீடம்

யாரும் எடுக்காத படத்துக்கு ரசிகர்களே டிரெய்லர் வெட்டுகிறார்கள். அதை விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு கலை. 1950களில் தொடராக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ எம்.ஜி.ஆர். ஆசைப்பட்டும் படமாகாமல், 2022இல் மணிரத்னம் கையில்தான் திரைக்கு வந்தது. அதுவரை ரசிகர்கள் வேறு படங்களின் காட்சிகளை ஒட்டி, அந்தக் கதையின் நாயகன் வந்தியத்தேவனைத் தாங்களே குதிரையில் ஏற்றி யூடியூபில் விட்டார்கள். டோல்கீனின் ‘சில்மரில்லியன்’ 1977இல் நூலாக வந்தும் இன்னும் படமாகவில்லை. அந்தப் புராணத்துக்கு ரசிகர்கள் வெட்டிய இரண்டு நிமிடங்கள்தான் சினிமா.

இவற்றில் தேர்ந்த கையை எப்படி அறிவது? அது எதை மறைக்கிறது என்று பாருங்கள். கற்றுக்குட்டி முதல் பத்து நொடியிலேயே கோட்டை, படை, பூதம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கொட்டல் இன்னும் கூடிவிட்டது. படங்கள் பளபளக்கின்றன, நெஞ்சு அதிர்வதில்லை.

செஞ்சி, வல்லம் பக்கத்துக்காரர்களுக்கு மறைத்துக் காட்டும் இந்த நுட்பம் பழசு. பாரதக்கூத்தில் துரியோதனன் சும்மா நடந்து வந்துவிடுவதில்லை. இருவர் திரை பிடிக்க, கீழே சலங்கைக் கால் தெரியும், மேலே கிரீடத்தின் நுனி தெரியும். உள்ளிருந்தே பாடுவான். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் யார், எவர் என்று கேட்டுக் கேட்டு ஆவலை ஏற்றுவான். மத்தளம் முறுகும். அப்புறம்தான் திரை விலகும். உலகத்தின் எந்த டிரெய்லரும் இதைவிடச் சிறப்பாக ஒரு வீரனை அறிமுகப்படுத்தியதில்லை என்பேன்.

இந்தப் பக்கத்தில் கதைக்கும் பஞ்சமில்லை. 1714இல் போரில் மாண்ட செஞ்சியின் தேசிங்கு ராஜா 1960இலேயே எம்.ஜி.ஆர். உருவில் படமாகிவிட்டார். அதைவிடப் பெரிய கதை, பழைய செஞ்சியான மேலச்சேரியில் இருக்கிறது. திரௌபதி அம்மனின் ஆதிக் கோயில் இங்குள்ளதுதான் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். பாரதப் போருக்குப் பின், செஞ்சி அரசனைக் காக்க அவள் மறுபடி தோன்றி, பல தலை அசுரனை அழித்தாளாம். வெட்டிய தலையைக் கையில் ஏந்தி நிற்கும் அவளுடைய காவலன் போத்துராஜாவைத் திரௌபதி கோயில்களில் இன்றும் பார்க்கலாம்.

வல்லத்தில் கைப்பேசியில் படம் வெட்டும் தம்பி தங்கைகளே, இதற்கு ஒரு டிரெய்லர் செய்யுங்கள். அதற்கு முன் ஓர் இரவு விடிய விடியக் கூத்துப் பாருங்கள். அசுரனின் முகத்தை மட்டும் கடைசிவரை காட்டிவிடாதீர்கள்.