பத்சேபாவும் அவளுடைய பண்ணையும்

ஆங்கில நாவலாசிரியருள் நாட்டுப்புற வாழ்வைப் பொருளாகக் கொண்டு தமக்கெனத் தனியிடம் தேடிக்கொண்டவர் தாமஸ் ஹார்டி. அவருக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்த முதல் நூல் ‘ஃபார் ஃபிரம் த மேடிங் கிரவுட்’. ‘வெறிகொண்ட கூட்டத்தின் ஆரவாரத்திற்கு அப்பால்’ என்பது அத்தலைப்பின் பொருள். 1874ஆம் ஆண்டில் ‘கார்ன்ஹில்’ என்னும் மாத இதழில் அது ஆசிரியர் பெயரின்றித் தொடர்கதையாக வந்தபோது, ஜார்ஜ் எலியட்டின் எழுத்தாக இருக்குமோ என்று ஐயுற்ற திறனாய்வாளரும் உண்டு.

கதையைச் சில சொற்களில் கூறிவிடலாம். பத்சேபா எவர்டீன் என்னும் இளநங்கை, சிற்றப்பன் இறந்தபின் அவனுடைய பண்ணைக்கு உரிமை பெறுகிறாள். இடையனாகிய கேப்ரியல் ஓக், அண்டைப் பண்ணையாளராகிய பால்டுவுட், படைவீரனாகிய சார்ஜண்ட் ட்ராய் ஆகிய மூவர் அவளை விரும்புகின்றனர். அவள் ட்ராயை மணந்து துன்புறுகிறாள். இறுதியில் ஓக்கை மணக்கிறாள். பொறுமைக்கு ஓக், கட்டுக்கடங்கா வேட்கைக்குப் பால்டுவுட், பகட்டுக்கு ட்ராய் என வகுத்து, தவறாகத் தேர்ந்த பெண் பட்டுத் தெளிந்த கதை என்று முடித்துவிடுவது வகுப்பறை வழக்கம். தேர்வுத்தாளுக்கு இப்பகுப்பு உதவும். நூலைப் படிப்பதற்கு உதவாது. பத்சேபா மணப்பெண் மட்டும் அல்லள், பண்ணையாளும் தலைவி. இம்மூவருள் எவனை மணந்தால் அவளுடைய பண்ணை என்னாகும் என்பதே நூல் முழுவதும் ஹார்டி கேட்கும் கேள்வி.

பண்ணைக்கு வந்த சின்னாட்களிலேயே களவு செய்த காரியக்காரனை அவள் நீக்குகிறாள். வேறொருவனை அமர்த்தாது, தானே எல்லாவற்றையும் மேற்பார்க்கப் போவதாக அறிவிக்கிறாள். வேலையாட்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கூலி கொடுக்கும் காட்சி நகைச்சுவை நிரம்பியது; ஆயினும் ஒரு பெண் முதன்முறையாக ஆட்சிப் பொறுப்பில் அமரும் காட்சியும் அதுவே. காஸ்டர்பிரிட்ஜ் தானியச் சந்தையில் ஆடவர் கூட்டத்திடையே தனியொரு பெண்ணாக நின்று அவள் விலை பேசுகிறாள்.

இனி, பால்டுவுட் அவளுக்குத் தரும் வாக்குறுதியைக் கருதுக. பால்பண்ணையை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வைக்கோல் உலர்த்தும் காலத்தில் அவள் வெளியே எட்டிப் பார்க்கவும் வேண்டா. அறுவடைக் காலத்து வானிலையைப் பற்றி எண்ணவும் வேண்டா என்கிறார் அவர். அன்பினால் சொன்ன சொற்களே. எனினும் அவள் எவற்றால் தலைநிமிர்ந்து நிற்கிறாளோ, அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அவர் நீக்கிவிடுகிறார். விளையாட்டாக அவள் அனுப்பிய ஒரு காதல் வாழ்த்து மடலால் அறிவு மயங்கிய அவர், அவளை யாரென்று ஒருநாளும் அறியவில்லை.

ஓக்கும் தொடக்கத்தில் இதற்கு விலக்கல்லன் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். முதலில் மணம் பேச வந்தபோது பியானோ வாங்கித் தருவதாகவும், உலா வரச் சிறு வண்டி வாங்குவதாகவும் அவனும் ஆசை காட்டினான். அவள் மறுத்தாள். பின்னர் அனுபவமற்ற நாயொன்று விரட்டியதால் அவனுடைய ஆடுகள் இருநூறு சுண்ணாம்புப் பள்ளத்தில் வீழ்ந்து மடிய, அனைத்தும் இழந்து, அவள் பண்ணைக்கே இடையனாக வந்து சேர்ந்தான். முதலில் மணம் கேட்ட ஓக்கும், இறுதியில் மணந்த ஓக்கும் ஒருவரல்லர். இடையே அவளிடம் கூலி பெற்று வாழ்ந்த காலம் இருக்கிறது. ஐம்பத்தேழு ஆடுகள் பசும்புல்லை மிகுதியாக மேய்ந்து வயிறு உப்பியபோது, தான் முன்னாள் வேலைநீக்கம் செய்த அவனையே அழைக்க வேண்டியதாயிற்று. பணிவாகக் கேட்டாலன்றி வரமாட்டேன் என்று அவனும் சொல்லியனுப்பினான். பெருமித நாயகன் ஒருவனை மட்டுமே ஓக்கிடம் காண்போர் இவ்விடத்தைச் சற்று நின்று படித்தல் நன்று. ஆடுகள் சாகும் நேரத்திலும் அவனுக்குத் தன்மானம் பெரிதாக இருந்தது.

மூவரையும் ஒரே தட்டில் நிறுத்து எடை காட்டும் இடம் அறுவடை விருந்து இரவாகும். திருமணக் களிப்பும் சேர்ந்த அவ்விருந்தில், பெண்டிரையும் சிறுவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலையாட்களுக்குப் பிராந்தியை வார்த்துக் குடிக்கச் செய்கிறான் ட்ராய். மழை வரும் என்ற எச்சரிக்கையை அவன் பொருட்படுத்தவில்லை. களத்திலோ ஐந்து கோதுமைப் போர்களும் மூன்று வாற்கோதுமைப் போர்களும் மூடப்படாமல் நிற்கின்றன. ஓக் மனத்துள் கணக்கிட்டுப் பார்க்கிறான்: கோதுமை ஐந்நூறு பவுன், வாற்கோதுமை இருநூற்றைம்பது பவுன், ஆக 750 பவுன். காதல் நூலொன்றில் நாயகன் இவ்வாறு கூட்டற்கணக்குப் போடுவது புதுமை. அக்கணக்கிலேதான் அவன் அன்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. கணவன் கொட்டிலில் மயங்கிக் கிடக்க, மின்னலிடையே ஓக் போர் மேல் ஏறி நிற்க, கதிர்க்கட்டுகளை எடுத்துக் கொடுப்பவள் பத்சேபா. மறுநாள் காலை பால்டுவுட்டைச் சந்திக்கிறான் ஓக். தம் போர்களை மூட அவர் மறந்தே போனார் என்பது அப்போது தெரியவருகிறது.

அக்காலத்து ஆங்கிலச் சட்டமும் நினைக்கத்தக்கது. மணமானதும் மனைவியின் அசையும் பொருள்கள் கணவனுடையனவாகிவிடும். இந்நிலையைப் பெரிதும் மாற்றிய சட்டம் 1882இல்தான் வந்தது. ஆகவே அன்றிரவு நனைய இருந்த கதிர்கள் ட்ராயின் உடைமையே. குதிரைப் பந்தயத்தில் ஒரே மாதத்தில் நூறு பவுனுக்கு மேல் அவன் தொலைத்தபோதும் அவளால் அழவும் வேண்டவுமே முடிந்தது. உரிமையால் தனதல்லாத ஒன்றை உழைப்பால் காக்க நின்றாள் அவள்.

ஹென்றி ஜேம்ஸ் 1874 டிசம்பரில் இந்நூலைக் கடுமையாகச் சாடினார். இதில் நம்பத்தக்கவை ஆடுகளும் நாய்களுமே என்பது அவர் ஏளனம். பத்சேபாவை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. கதையமைப்பில் தற்செயல்கள் மிகுதி என்பது உண்மைதான்; மணம் செய்ய வந்த ஃபேனி ராபின் கோயில் மாறிப்போய் நின்றதும், கடலில் மாண்டதாகக் கருதப்பட்ட ட்ராய் கிறிஸ்துமஸ் விருந்தில் தோன்றிப் பால்டுவுட்டின் குண்டுக்கு இரையானதும் நாடகமேடைக்கே பொருந்துவன. ஆயினும் ஆடுகளைப் பற்றி ஜேம்ஸ் சொன்னது பழியாகாது. இந்நூலில் மாந்தரை அளக்கும் கோல் அவைதாம். வாளைச் சுழற்றி அவளை மயக்கிய ட்ராய் ஓர் ஆட்டின் உயிரைக்கூடக் காத்தவனல்லன்.

முடிவை எடுத்துக்கொண்டால், ஓக் வேலையை விட்டு விலகப்போவதாகச் சொல்ல, பத்சேபா தானே அவன் குடிலுக்கு நடந்து செல்கிறாள். பால்டுவுட்டின் பண்ணையைத் தன் பொறுப்பில் எடுக்கப் போவதாக அப்போது அவன் கூறுகிறான். இப்பேச்சைப் பொன்னினும் அரியதாகக் கொள்ளவேண்டும். ஏனெனில் இங்கே பேசிக்கொள்வோர் எசமானியும் கூலியாளும் அல்லர், பண்ணையாளும் இருவர். பியானோவைப் பற்றி இம்முறை ஓக் வாய் திறக்கவில்லை.

எனினும் இதை இன்ப முடிவென்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆரவாரமின்றி மணம் நிகழ்ந்த அன்று மாலை ஊரார் வந்து வாழ்த்துகின்றனர். ஓக் சிரிக்கிறான், பத்சேபாவோ புன்னகை மட்டுமே செய்கிறாள். இப்போதெல்லாம் அவள் எளிதில் சிரிப்பதில்லை என்று ஹார்டி சொல்லி வைக்கிறார். கண்ணாடியில் தன் முகம் பார்த்துத் தானே நகைத்துக்கொண்டு வண்டியில் வந்த பெண்ணாகத்தான் முதல் அதிகாரத்தில் அவளை வாசகர் கண்டனர்.