பனிக்குப் பூக்கும் பந்தல்

வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் காயைத்தான் எண்ணுவார்கள். நான் முதலில் பார்ப்பது அவரைப் பந்தலை, அதுவும் புரட்டாசியில். அந்த மாதத்தில் கொடி வெறும் இலையாக மண்டிக் கிடக்கும், ஒரு பூ இருக்காது. "காய்க்காத கொடி" என்று பிடுங்கி எறியாமல் வைத்திருக்கிற வீட்டில் விவரம் தெரிந்த கை இருக்கிறது என்று நம்பலாம்.

காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில், செய்யாற்றங்கரை ஊரான பெருநகர்ப் பக்கத்தில் விவசாயம் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஆடியில் விதை ஊன்றினால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் இறங்கிவிடும். ஆனால் நாட்டு அவரை மழையைப் பார்த்துப் பூப்பதில்லை; பகல் குறுகி இரவு நீளும்போதுதான் மொட்டு விடும். சித்திரையிலேயே ஊன்றினாலும் கார்த்திகை, மார்கழிவரை காத்திருக்க வேண்டியதுதான். பொறுக்காமல் எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் இன்னும் மண்டும். அறுபது எழுபது நாளில் காய்க்கிற குத்தவரை எந்தப் பட்டத்திலும் வரும். வரட்டும்; குழம்பில் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

குழி ஒன்றரை அடி ஆழம் போதும். மக்கிய சாண எருவும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் மேல்மண்ணோடு கலந்து, தண்ணீர் தேங்காதபடி மேடாக மூட வேண்டும். நாலு விதை ஊன்றி, தேறிய இரண்டை மட்டும் விட வேண்டும். சவுக்குக் கழிப் பந்தல் தலைக்குமேல் ஒரு சாண் இருந்தால் நின்றபடியே பறிக்கலாம். அதே பந்தலில் ஒரு ஓரம் பீர்க்கு, ஒரு ஓரம் புடல். பீர்க்கம்பூ அந்தியில் மஞ்சளாக மலரும். இருட்டியபின் புடலம்பூ வெள்ளை நூலிழைகளாக விரியும். இந்த அழகைப் பகலில் வருகிறவர்கள் பார்ப்பதே இல்லை.

பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) ஏரி வாரியத்துக்கு 6 பேரையும் தோட்ட வாரியத்துக்கு 12 பேரையும் குடவோலையில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஏரியைவிடத் தோட்டத்துக்கு இரண்டு மடங்கு ஆள்! குடவோலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை.

பனியோடு அசுவினியும் வரும். கொடியில் எறும்பு வரிசையாக ஏறினால் அதுதான் முதல் தகவல். விடியலில் இலை ஈரம் காயும்முன் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வழி. கேஸ் அடுப்பு வீட்டுக்காரர்கள் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். பொறிவண்டு நிறைய தென்பட்டால் எதையும் தெளிக்காமல் இருப்பதே கெட்டிக்காரத்தனம். அது அசுவினியைத் தின்றே தீர்த்துவிடும்.

தைப்பூசத்துக்குச் சுற்றூர்ச் சாமிகள் பெருநகர்ச் செய்யாற்றில் கூடும் நாட்களில் பந்தல் நிறையக் காய்த்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பருப்பு லேசாக நிழலாடுகிற காயே பறிக்கும் பதம். அதற்குமேல் விட்டால் நார் ஏறிவிடும். பறித்து மிஞ்சிய நோஞ்சான் காயை விதைக்கு விடுகிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. நடுக்கொடியில், சமைக்க ஆசை வருகிற கொத்தாகப் பார்த்து ஒன்றைக் கட்டிவைத்து, நெற்றாகும்வரை கொடியிலேயே காயவிட வேண்டும். உரித்த விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தால் ஆடிவரை வண்டு அண்டாது.