குளத்தடியைப் பார்க்கும் கேமரா: ஒரு மாத அனுபவம்

ஞாயிறு காலை 7 மணி. சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் கூட்டுரிமை வளாகத்தின் நீச்சல் குளத்தில் யாரும் இல்லை. மீட்புப் பயிற்சிக்கான பொம்மையில் நீர் நிரப்பி ஆழமான பகுதியில் விட்டேன். அது தரையைத் தொட்டு அசையாமல் கிடந்தது. 12ஆவது நொடியில் சைரன் அலறியது. உயிர்காப்பாளரின் மணிக்கட்டில் இருந்த கருவி அதிர்ந்தது. அதன் திரையில் குளத்தின் வரைபடம், பொம்மை கிடந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்த முதல் சோதனையிலேயே எனக்கு மெய்சிலிர்த்தது.

இந்தக் கேமரா அமைப்பை வாங்கலாமா என்று முடிவெடுக்க எங்கள் நிர்வாகக் குழு ஒரு மாதச் சோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தது. சோதிக்கும் பொறுப்பு என்னுடையது.

நீருக்கடியில் சுவரோடு 4 கேமராக்கள், மேலே கம்பத்தில் 2. பம்பு அறையில் உள்ள கணினி அந்தப் படங்களில் மனித உருவங்களை அடையாளம் கண்டு ஒவ்வொருவரையும் பின்தொடர்கிறது. நீருக்குள் போன உடல் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் எச்சரிக்கை. காணொளி வளாகத்தை விட்டு வெளியே போவதில்லை. நீச்சலுடையில் இருக்கும் குழந்தைகளின் படங்கள் என்பதால் இதை முதலில் உறுதிசெய்துகொண்டேன்.

கரையில் ஆள் இருக்கும்போது கேமரா எதற்கு? நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தவர். மூச்சுக்கே போராடுபவரால் கூவ முடியாது, கையசைத்து அழைக்கவும் முடியாது என்று அவர் காட்டினார். நீர்மட்டத்தில் நடக்கும் அந்தப் போராட்டம் பெரும்பாலும் 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு உடல் கீழே போகிறது. வெயில் பட்டு மினுங்கும் நீருக்குக் கீழே கிடப்பதைக் கரையிலிருந்து பார்ப்பது கடினம்.

இது புதிய யோசனையும் இல்லை. ‘பொசைடன்’ என்ற இத்தகைய அமைப்பு, 2000இல் பிரான்சின் ஆன்செனி நகரக் குளத்தில் 18 வயது இளைஞரையும், 2005இல் வேல்ஸின் பாங்கர் நகரில் 10 வயதுச் சிறுமியையும் காப்பாற்ற உதவியது. இரண்டு இடங்களிலும் எச்சரிக்கை ஒலித்தவுடன் நீரில் குதிக்க ஆட்கள் இருந்தார்கள். பொதுக் குளங்களில் பயன்படும் இவ்வகை அமைப்புகளுக்கு 2017இல் ஐஎஸ்ஓ 20380 என்ற தரநிலையும் வந்தது. வாங்கப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் குளத்தில் 20 இடங்களில் பொம்மையை மூழ்கடித்தேன். 18 இடங்களில் கண்டுபிடித்தது. தவறவிட்ட இரண்டும் ஏணிக்குப் பின்னால் இருந்த மூலைகள். ஒரு கேமராவைத் திருப்பி வைத்த பிறகு அவையும் சிக்கின. இரவிலும் குளத்து விளக்கு எரிந்தவரை குறையில்லை.

சிக்கல் சனிக்கிழமை வந்தது. மூச்சடக்கும் போட்டி வைத்து விளையாடிய சிறுவர்களால் ஒரே பிற்பகலில் 9 முறை சைரன். “மூணாவது தடவை அடிக்கும்போதே, பசங்கதான்னு மனசு சொல்லிடுது அக்கா. அதுதான் எனக்குப் பயம்” என்றார் உயிர்காப்பாளர். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் பொய் எச்சரிக்கை குறையும். ஆனால் உண்மையிலேயே மூழ்குபவருக்கு அந்த நொடிகள் போய்விடும். நான் நேரத்தைக் கூட்டவில்லை. மூச்சடக்கும் விளையாட்டைத் தடைசெய்யச் சொன்னேன். அது தன்னளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய விளையாட்டு.

இன்னொரு குறை: குழந்தைகளுக்கான ஆழமற்ற குளத்தில் குப்புற மிதந்த சிறிய பொம்மையை இந்த அமைப்பு கண்டுகொள்ளவே இல்லை. அங்கே பெற்றோர் கை எட்டும் தூரத்தில் நிற்பதைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது.

கடைசிச் சோதனையை ஒரு புதன்கிழமை இரவு 9 மணிக்கு வைத்தேன். அந்த நேரத்தில் எங்கள் குளத்துக்கு உயிர்காப்பாளர் இல்லை. எச்சரிக்கை வாசல் காவலாளியின் கைபேசிக்குப் போகும். கேமரா வழக்கம்போலச் சரியாகக் கண்டுபிடித்தது. காவலாளி அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்து சேர 1 நிமிடம் 20 நொடி ஆனது. குளத்தின் விளிம்பில் நின்றுவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆக்சிஜன் இல்லாமல் 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். கேமரா மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அந்த விளிம்பில் வீணானது.

வாங்கலாம் என்றே பரிந்துரைத்திருக்கிறேன், மூன்று நிபந்தனைகளுடன்: குளம் திறந்திருக்கும் நேரமெல்லாம் உயிர்காப்பாளர் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் பொம்மையை வைத்து ஒத்திகை நடக்க வேண்டும், காவலாளிகள் முதலுதவியும் நீச்சலும் கற்க வளாகம் பணம் கட்ட வேண்டும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் உயிர்காப்பாளரை வையுங்கள். கேமரா அடுத்த ஆண்டு வரட்டும்.